ஐந்து லீற்றர்

அட்டையைக் காட்டினால் பச்சை எரியும்,
ஐந்து லீற்றர் விழும்.
காசில்லாத அட்டைக்குச் சிவப்பு.
மற்றப்படி எனக்கிங்கே பெரிய வேலையில்லை:
நிலத்தைக் கூட்டுவது,
வடிகட்டி அடைத்தால் வவுனியாவுக்கு அடித்துச் சொல்வது,
இயந்திரத்தின் நெற்றியில் ஏறும் பல்லியைத் துரத்துவது.

நெடுங்கேணிக்கு இப்பால் எங்கள் கிணறுகள் எல்லாம்
கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படியும்.
கரண்டிக் காம்பால் சுரண்டி எறிந்து
அதே கேத்திலில் தேத்தண்ணி வைத்தோம்.
படிவது கேத்திலோடு நின்றுவிடும் என்றிருந்தோம்.

இப்போது வழியில் கண்டால் சுகம் கேட்பதில்லை.
"எவ்வளவு?"
"ரண்டு தசம் நாலு."
"போன கிளினிக்குக்கு?"
"ஒண்டு தசம் ஒன்பது."
பிறகு கொஞ்சநேரம் இரண்டு பேரும்
வீதியில் போகிற உழவு இயந்திரத்தைப் பார்ப்போம்.
பங்கர் வெட்டத் தெரிந்த சனம்தான்.
இதற்கு எந்த இடத்தில் வெட்டுவது?

பவளராணியின் மனிசனுக்கு
கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் கழுவ வேண்டும்.
பஸ் காசுக்கென்று எடுத்த கடன்
பஸ்ஸை விட வேகமாய் ஓடியது.
முன்னர் புதன்கிழமைகளில் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வருவான்.
கட்டாமல் எழும்பமாட்டான்.
ஆனாலும் அவனுக்கு வெயில் சுடும், தண்ணீர் கேட்பான்,
ஒருநாள் கருவாட்டுக் குழம்பு மணத்துக்கு
அவளிடமே சோறு வாங்கித் தின்றுவிட்டு
"அடுத்த கிழமை பாப்பம் அக்கா" என்று போனான்.
இப்போது அவன் இல்லை, ஆப் இருக்கிறது.
ஆப்புக்குத் தாகமில்லை.
கச்சான் விற்ற காசு வங்கியில் விழுந்த இரவே
அவள் நித்திரையாய்க் கிடக்க, தானாய்க் கழித்துக்கொண்டது.

அடுத்தநாள் அட்டையைக் காட்டினாள். சிவப்பு.
சட்டையில் துடைத்துவிட்டுக் காட்டினாள். சிவப்பு.
"மெசின் பிழை போல."
"ஓமக்கா, பிழைதான்" என்றேன்.

பின்னால் நின்ற லோகிதன்
தலைக்கவசம் கழற்றாமலே தன் கானை நிரப்பினான்.
மூடியைத் திருகினான்.
பிறகு அட்டையை இன்னொருமுறை காட்டிவிட்டு
மோட்டார் சைக்கிளை உதைத்தான்.
தண்ணீர் வெறும் சீமெந்தில் விழுந்தது.
"வழியுதெல்லோ அக்கா, பிடியுங்கோ!"

தந்தால் வாங்கியிருக்கமாட்டாள்.
வழிந்தால் பிடிக்கத்தானே வேணும்.

அதன்பிறகு எவரும் கூட்டம் வைக்கவில்லை.
வைத்திருந்தால் நடந்திருக்காது.
மாதர் சங்கத்துச் சோடாக் கணக்கே
மூன்று வருடமாய் முடியாத ஊர் இது.
ஆனால் தபால்காரர் இரண்டுதரம் காட்டினார்.
கோழிக்கடை அருந்தவம் இரண்டுதரம் காட்டினாள்,
"கை தவறிப்போச்சு" என்று என்னிடம் உரக்கச் சொல்லிக்கொண்டு.
நாள்தோறும் எத்தனை கைகள் தவறின!

பங்குனியில் ஓர் அலுவலர் வந்தார்.
திரையில் ஏறிப்போகிற கோட்டைக் காட்டினார்:
இரண்டு பேருள்ள வீடுகள்
நாளுக்கு இருபது லீற்றர் குடிக்கின்றனவாம்.
"விழிப்புணர்வு நல்லா வேலை செய்திருக்கு."
இயந்திரத்தோடு என்னை நிறுத்திப் படமும் எடுத்தார்.
போகும்போது சொன்னார்:
"பாவனை கூடிப்போச்சு. சித்திரையிலிருந்து
ஒரு அட்டைக்கு ஒருநாளைக்கு ஒருதரம்தான்."
நான் தலையாட்டினேன்.
பல்லி நெற்றியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது.

இன்றைக்குப் பின்னேரம் பவளராணி வந்தாள்.
தம்பி கட்டாரிலிருந்து ஏதோ அனுப்பியிருக்க வேண்டும்.
பச்சை.
கானை நிரப்பித் தலைப்பால் துடைத்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
இன்னொருதரம் காட்டிவிட்டு நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.
வீதியிலும் இல்லை.
தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
காலை கிளினிக்கில் தந்த துண்டு
நாலாய் மடித்தபடி என் பேர்சுக்குள் கிடந்தது.
இன்னும் ஒருவருக்கும் இலக்கம் சொல்லவில்லை.

தும்புத்தடியைப் போட்டுவிட்டு
என் போத்தலைத் தேடி ஓடினேன்.